பருத்திக்கு அருகே ஆலை கண்டவர்

அரும்பாவூரை அடுத்த வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. நம் மாணவர் பலருக்குக் கல்லூரிக் கட்டணமே பருத்தி விற்ற பணந்தான். விளைவிப்பவன் ஓரிடத்தில் இருக்க, ஆதாயம் வேறிடம் போய்ச் சேர்வது ஏன்? இவ்வினாவை ஒரு நாட்டின் அளவில் எதிர்கொண்ட பெருமகன் ஜாம்ஷெட்ஜி டாட்டா.

1839 மார்ச் 3ஆம் நாள், குஜராத்திலுள்ள நவசாரியில் பார்சிக் குருமார் குடும்பத்தில் அவர் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்றபின் தந்தையாரின் வாணிகத்தில் ஈடுபட்டார்.

அந்நாளில் நம் பருத்தி கப்பலேறி இங்கிலாந்தின் லங்காஷயருக்குச் சென்றது. ஆலைத் துணியாகத் திரும்பி வந்து நம் நெசவாளரின் வாழ்வைக் குலைத்தது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி தடைப்படவே, பம்பாயில் செல்வம் கொழித்தது. 1865இல் போர் ஓய்ந்ததும் விலை சரிந்தது. பருத்தி வாணிகத்தின் பொருட்டு இங்கிலாந்து சென்றிருந்த ஜாம்ஷெட்ஜி, கடன் சுமையோடு நின்றார். 1868இல் ஆங்கிலேயரின் அபிசீனியப் படையெடுப்புக்குப் பண்டங்கள் வழங்கும் ஒப்பந்தமே அக்குடும்பத்தை மீண்டும் நிமிர்த்தியது. பேரரசை மீறி எழுந்த தொழிலுக்கு அப்பேரரசின் போரே முதல் தந்தது என்பது வரலாற்றின் விந்தை!

லங்காஷயர் ஆலைகளை நேரில் ஆராய்ந்த அவர், ஆலைகள் மலிந்த பம்பாயை விடுத்து, பருத்தி விளையும் நிலத்தருகே நாகபுரியில் ஆலை நிறுவினார். விக்டோரியா இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்ட 1877 சனவரி 1 அன்றே அது இயங்கத் தொடங்கியது. ‘எம்பிரஸ்’ என்றே பெயரும் பெற்றது. இயந்திரங்களும் இங்கிலாந்திலிருந்தே வந்தன. 1886இல் தொழிலாளருக்கு ஓய்வூதிய நிதியும் ஏற்படுத்தினார்.

இந்திய ஆலைகள் வளர்வதை லங்காஷயர் பொறுக்கவில்லை. அதன் நெருக்குதலால் 1896இல் இந்திய ஆலைத் துணிமீது மூன்றரை விழுக்காடு உற்பத்தி வரி விதிக்கப்பட்டது. ஜாம்ஷெட்ஜி அதை எதிர்த்து வாதாடினார். ஆயினும், 1925 வரை அவ்வரி நீடித்தது.

எஃகு ஆலை காண வேண்டும் என்ற கனவு நிறைவேறுமுன்பே, 1904 மே 19இல் செருமனியில் அவர் மறைந்தார். 1907இல் நிறுவனம் உருவாயிற்று; 1912இல் சாக்சியில் எஃகு பிறந்தது. அவ்வூரே பின்னர் ஜாம்ஷெட்பூர் ஆயிற்று.

மூலப்பொருளை மட்டும் விற்கும் நாடு, விலையைப் பிறர் கையில் விட்டுவிடுகிறது. இதுவே அவர் வாழ்வு புகட்டும் பாடம். அடுத்த முறை நம்மூர்ப் பருத்தி மூட்டை வண்டியேறும்போது, அது எங்கே நூலாகிறது, எங்கே துணியாகிறது என்று நாமும் கேட்போமாக!