சீர்காழி கணக்கு வாத்தியார் இந்திய நூலகத்துறையின் தந்தை ஆனது எப்படி? யார் இந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்?

வீட்டு சொத்து வரி ரசீதை எப்போதாவது முழுசா படிச்சுப் பார்த்திருக்கீங்களா? நாம் கட்டும் தொகையில் நூலக வரி என்று ஒரு சின்னத் தொகையும் சேர்ந்தே இருக்கும். தமிழ்நாட்டில் சொத்து வரியில் 10 சதவீதம். நூலகத்தின் படியே ஏறாதவர்களும் இதைக் கட்டித்தான் வருகிறார்கள்.

இந்த வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். நூலகர் வேலையே வேண்டாம், என்னைத் திரும்பவும் வகுப்பறைக்கே அனுப்புங்கள் என்று கேட்டவர். அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12-ஐத்தான் இன்று நாடு முழுவதும் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். யார் அவர்? அப்படி என்ன செய்தார்?

திக்குவாய் சிறுவன், கணக்கு வாத்தியார்

சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன். 1892-ல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள சீர்காழியில் பிறந்தவர். 6 வயதில் அப்பாவை இழந்தார். சீர்காழியில் பள்ளிப் படிப்பு, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே கணிதப் பேராசிரியர் எட்வர்ட் ராஸிடம் படித்து, 1916-ல் கணிதத்தில் எம்.ஏ. முடித்தார். ராஸ் மீது அவருக்கு இருந்த மரியாதை வாழ்நாள் முழுக்கக் குறையவே இல்லை.

படிப்பில் கெட்டி. ஆனால் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ஆசிரியர் ஆக வேண்டும் என்ற கனவுக்கு இது பெரிய தடை. விடாமல் பழகிப் பழகி அதை வென்றார். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்துவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

வேலை பிடித்திருந்தது. சம்பளம்தான் போதவில்லை.

900 பேர் போட்டி... வேலை கிடைத்தும் மகிழ்ச்சி இல்லை

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உருவாக்கியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். நண்பர்கள் வற்புறுத்தியதால் ரங்கநாதனும் ஒரு விண்ணப்பம் போட்டு வைத்தார். நூலகத்துறை பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. நேர்காணலுக்கு முன்பு கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை படித்ததுதான் மொத்தத் தயாரிப்பு. ஆனால் வேலை அவருக்கே கிடைத்தது.

1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். கொஞ்ச நாளிலேயே வெறுத்துப் போனது. மாணவர்கள் நிறைந்த வகுப்பில் நின்று பழகியவருக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் தனியாக உட்கார்ந்திருப்பது தண்டனை மாதிரி இருந்தது. திரும்பக் கற்பிக்கவே போகிறேன் என்று நிர்வாகத்திடம் போய் நின்றார்.

நிர்வாகம் ஒரு சமரசத்துக்கு வந்தது. லண்டன் போய் நூலகத்துறையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பழைய வேலைக்கே போய்விடலாம் என்றது. அவரும் கப்பல் ஏறினார். அந்த ஒரு பயணம் இந்திய நூலகங்களின் வரலாற்றையே மாற்றிவிட்டது.

லண்டனில் அவர் பார்த்தது என்ன?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தார். பெர்விக் சேயர்ஸ் என்ற நூலகர் அவருக்கு வழிகாட்டி. ஆனால் பாடத்தைவிட அதிகமாக அவர் கற்றுக்கொண்டது நேரில் பார்த்துத்தான். இங்கிலாந்தில் 100-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் போய் வந்தார்.

அங்கே நூலகத்துக்கு எல்லோரும் வந்தார்கள். தொழிலாளிகள், குழந்தைகள், குடும்பத் தலைவிகள் என்று எல்லாத் தரப்பினரும். மக்கள் கட்டும் உள்ளூர் வரியில் நூலகம் நடந்தது. யார் வேண்டுமானாலும் அலமாரி வரை போய் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். நூலகம் என்பது புத்தகத்தைப் பூட்டி வைக்கும் இடம் அல்ல, ஓர் ஊரையே மாற்றக்கூடிய கருவி என்று அவருக்குப் புரிந்தது அங்கேதான்.

இன்னொரு விஷயமும் நடந்தது. லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சின்னச் சின்னத் தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே துண்டுகளை வேறு வேறு விதமாகச் சேர்த்தால் ஒரு முறை பாலம் வரும், இன்னொரு முறை கிரேன் வரும். புத்தகங்களையும் ஏன் இப்படி வகைப்படுத்தக் கூடாது என்று அந்தக் கணக்கு வாத்தியார் யோசித்தார்.

அது என்ன கோலன் பகுப்பு முறை?

அதுவரை இருந்த முறைகளில், ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கும். புத்தகத்தை அதில் ஒன்றுக்குள் போட வேண்டும். 1930-களில் தஞ்சாவூரில் நெற்பயிருக்கு வந்த நோய் பற்றி ஒரு புத்தகம் வந்தால்? பயிரில் வைப்பதா, நோயில் வைப்பதா, ஊரில் வைப்பதா? குழப்பம்தான்.

ரங்கநாதன் அந்தப் பொருளையே துண்டு துண்டாகப் பிரித்தார். நெல் ஒரு துண்டு, நோய் ஒரு துண்டு, தஞ்சாவூர் ஒரு துண்டு, 1930-கள் ஒரு துண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. அவற்றை முக்காற்புள்ளி மாதிரியான குறிகளால் இணைத்தால் அந்தப் புத்தகத்துக்கே உரிய முகவரி கிடைத்துவிடும். முக்காற்புள்ளிக்கு ஆங்கிலத்தில் கோலன் என்று பெயர். அதனால் இது கோலன் பகுப்பு முறை ஆனது. 1933-ல் நூலாக வெளிவந்தது.

இது உங்களுக்குப் பழக்கமான விஷயம்தான். ஆன்லைனில் சட்டை வாங்கும்போது அளவு, நிறம், விலை, துணி வகை என்று தனித்தனியாக டிக் செய்து தேடுகிறீர்களே, அதற்கு அடிப்படையான சிந்தனையும் இதுவேதான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதை விதிமுறையாக எழுதி வைத்தவர் இவர்.

ஐந்தே விதிகள்

1925-ல் சென்னை திரும்பினார். பழைய வேலையைக் கேட்கவில்லை. அடுத்த 20 ஆண்டுகள் விடுமுறையே எடுக்காமல் அதே பல்கலைக்கழக நூலகத்தில் உழைத்தார். வாசகர்களுக்காக அலமாரிகளைத் திறந்து விட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். தேடி வருபவருக்கு உட்கார்ந்து உதவி செய்யத் தனி ஊழியர்களை வைத்தார். 1936-ல் கடற்கரை எதிரே நூலகத்துக்குப் புதுக் கட்டடம் வந்தது.

1928 அவர் வாழ்க்கையில் கடுமையான ஆண்டு. முதல் மனைவி ருக்மிணி திருவல்லிக்கேணி கோயில் குளத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார். அதே ஆண்டில்தான், மனதுக்குள் பல நாளாக உருண்டுகொண்டிருந்த ஒரு கேள்விக்கு விடையும் கிடைத்தது. நூலகத்தில் செய்யும் இத்தனை வேலைகளுக்கும் அடிப்படையான சில விதிகள் இருக்க வேண்டுமே, அவை என்ன?

பழைய ஆசிரியர் ராஸிடம் இதைச் சொன்னபோது, அவர் போகிற போக்கில் முதல் விதியைச் சொல்லிவிட்டாராம். மற்ற நான்கும் மளமளவென்று வந்துவிட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த கூட்டத்தில் அவற்றை விளக்கிப் பேசினார். 1931-ல் நூலாக வந்தது. இன்று உலகம் முழுக்க நூலகத்துறை மாணவர்கள் படிக்கும் பாடம் அது.

அவற்றின் சாரம் இதுதான்.

1. புத்தகம் அழகுக்கு அடுக்கி வைக்க அல்ல. கை பட்டால்தான் அதற்கு மதிப்பு.

2. படிப்பாளிக்கு மட்டும் நூலகம் அல்ல. பெண்கள், குழந்தைகள், கிராமத்தார், பார்வையற்றோர் என்று எல்லோருக்கும் ஏற்ற புத்தகம் அங்கே இருக்க வேண்டும்.

3. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் காத்திருக்கிறார். அவர் வரும் வரை சும்மா இருக்காமல், புத்தகத்தை அவர் கண்ணில் படும்படி செய்வது நூலகரின் வேலை.

4. வருபவரின் நேரத்தை வீணடிக்கக் கூடாது.

5. நூலகம் உயிருள்ள ஒன்று. வளர்ந்துகொண்டே இருக்கும். அதற்குத் தகுந்த மாதிரி இடமும் ஆட்களும் முறைகளும் மாற வேண்டும்.

கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கிறதா? அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். புத்தகம் தொலைந்தால் பொறுப்பு ஏற்க வேண்டுமே என்று பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு என நினைத்த காலம் அது. புத்தகம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு துறையை, புத்தகம் படிக்கப்படுகிறதா என்று கேட்க வைத்தவர் ரங்கநாதன்.

வாசகர் வரவில்லையா? வண்டி போகும்!

விதியை எழுதிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1928-லேயே சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் செயலாளர் அவர்தான். நூலகருக்குப் பயிற்சி வேண்டும் என்று 1929-ல் சங்கத்தின் மூலம் வகுப்புகள் தொடங்கினார். பின்னர் பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்தியது.

கிராமத்துக்கு என்ன வழி? 1931-ல் மன்னார்குடி பகுதியில் ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. உள்ளே சரக்கு மூட்டை இல்லை, புத்தக அலமாரி. கனகசபை பிள்ளை வடிவமைத்த இந்த நடமாடும் நூலகத் திட்டத்தில் ரங்கநாதனுக்கு முக்கியப் பங்கு உண்டு. நூலகம் ஊர் ஊராக வந்து நின்றது. பஸ் வசதி இல்லாத ஊர்களில் வாசிப்பை வளர்க்க, கையில் இருந்த வசதியை வைத்து யோசித்த திட்டம் இது. இன்றைக்கு ஊர்களுக்குப் போகும் புத்தக வேன்களுக்கெல்லாம் இதுதான் முன்னோடி.

18 வருடம் காத்திருந்த சட்டம்

ஆனால் ஆர்வத்தை மட்டும் நம்பி எத்தனை நாள் வண்டி ஓட்ட முடியும்? நன்கொடையில் நடக்கும் திட்டம், நன்கொடை நின்றால் நின்றுவிடும். இதை அவர் ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டார். வாசிப்புத் திட்டம் நிலைக்க வேண்டும் என்றால் அதற்கு நிரந்தர வருமானம் வேண்டும், நிரந்தர வருமானத்துக்குச் சட்டம் வேண்டும்.

1930-ல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். 1933-ல் சென்னை சட்டமன்றத்தில் பஷீர் அகமது சையது மசோதாவாகக் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. ஆட்சிகள் மாறின, உலகப்போர் வந்து போனது, சுதந்திரமும் வந்தது. கடைசியில் 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இது.

இந்தச் சட்டம் வந்தபோது ரங்கநாதன் சென்னையில் இல்லை. நிர்வாகத்தோடு ஏற்பட்ட உரசலால் 1945-ல் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு காசி இந்து பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். அங்கே சுமார் 1 லட்சம் நூல்களை ஒற்றை ஆளாக வகைப்படுத்தினார். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம், சூரிக், பெங்களூரு என்று பயணம் தொடர்ந்தது. 1957-ல் பத்மஸ்ரீ, 1965-ல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் பதவி. 1962-ல் பெங்களூருவில் நூலகத்துறைக்கென ஆய்வு மையம் ஒன்றையும் தொடங்கினார்.

சேமிப்பு எல்லாம் எங்கே போனது?

1956-ல் ஒரு காரியம் செய்தார். வாழ்நாளில் சேர்த்து வைத்திருந்த 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைக்கச் சொன்னார். அன்றைக்கு 1 லட்சம் என்பது சாதாரணத் தொகை இல்லை. மனக்கசப்போடு விட்டு வந்த அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் கொடுத்தார். இருக்கைக்குத் தன் பெயரை மட்டும் வைக்கவில்லை. 1929-ல் தன்னை மணந்து, வேலை வேலை என்று ஓடிய மனிதரோடு அத்தனை ஆண்டுகள் வாழ்ந்த மனைவி சாரதாவின் பெயரை முன்னால் வைத்தார்.

1972 செப்டம்பர் 27-ல் பெங்களூருவில் மறைந்தார்.

உங்க ஊர் நூலகம் பாஸ் ஆகுமா?

தமிழ்நாட்டில் இன்று கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று ஊர் ஊராகக் கிளைகள். பல இடங்களில் வாசகர் வட்டங்களும் இயங்குகின்றன. இந்த அமைப்பை நடத்தும் பணத்தின் முக்கியமான ஊற்று அந்த நூலக வரிதான். வசூலித்த வரியை உள்ளாட்சி அமைப்புகள் நூலகத்துக்கு ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். அது பாக்கி நின்றால் புதுப் புத்தகம் வராது, கூரை ஒழுகும், காலிப் பணியிடம் காலியாகவே இருக்கும்.

எனவே அடுத்த முறை உங்க ஊர் நூலகத்துக்குப் போகும்போது ரங்கநாதனின் கண்ணோடு பாருங்கள். அலமாரி திறந்திருக்கிறதா? வேலைக்குப் போகிறவர் வரக்கூடிய நேரத்தில் கதவு திறக்கிறதா? குழந்தைக்கும் பாட்டிக்கும் ஏற்ற புத்தகம் இருக்கிறதா? தேடுவது பத்து நிமிடத்தில் கிடைக்கிறதா? போன வருடத்துக்கு இந்த வருடம் ஏதாவது மாறியிருக்கிறதா?

ஐந்தில் எதற்காவது இல்லை என்ற பதில் வந்தால், நூலகரிடம் கேளுங்கள், வாசகர் வட்டத்தில் பேசுங்கள், உங்க வார்டு கவுன்சிலரிடம் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கான வரியை நீங்கள்தானே கட்டியிருக்கிறீர்கள்.