டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்

உடலிலே ஊனம் நேர்ந்தவிடத்து வாழ்வே முடிந்ததென்று உலகோர் பலர் கருதுவர். அக்கருத்துப் பிழையென்பதைத் தம் வாழ்க்கையாலேயே மெய்ப்பித்துச் சென்றவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார். அவர் சரித்திரம் ஆடவர் பெண்டிர் இருபாலாரும் அறியத்தக்கதாம்.

அம்மையார் 1925-ஆம் ஆண்டு கொச்சியை அடுத்த செராயி என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். மகளிர் மருத்துவத்திற் சிறப்புத் தேர்ச்சி எய்த வேண்டுமென்பது அவர்தம் வேட்கை. ஆயின் 1954-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், உடன்பணியாற்றுவோருடன் அவர் சென்ற மோட்டார் வண்டி கவிழ்ந்தது. முதுகந்தண்டு ஊறுபட்டு, இடுப்பின் கீழ் உணர்ச்சியும் அசைவும் அறவே ஒழிந்தன. முகத்திலும் மாறாத வடு உண்டாயிற்று. அப்போது அவர்க்கு வயது 28.

அவரை மீட்ட தொழிலின் வரலாறோ நமக்கு அணித்தாகிய இடத்தில் தொடங்குகின்றது. தாம்பரத்தினின்றும் தெற்கே ரயிலேறிச் செல்வோர் செங்கற்பட்டை அடைவர். அதனை அடுத்த திருமணியில், லேடி வில்லிங்டன் பெயரால் அந்நாளில் வழங்கிய தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1947-ஆம் ஆண்டு அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, நோயாளரின் விரல்கள் மடங்கி முடங்கிக் கிடத்தலைக் கண்டார். அவற்றைத் திருத்த முயல்வார் எவருமில்லை என்பதை அங்கிருந்த டாக்டர் காக்ரேன் வாயிலாக அறிந்து, வேலூரில் தாமே அப்பணியை மேற்கொண்டார். அந்நோயில் நரம்பு கெடுதலால் கையின் சிறு தசைகள் செயலற்று விரல்கள் மடங்கும். முன்கைத் தசைகள் பலவோ கெடாதிருக்கும். அத்தகைய நல்ல தசையொன்றின் நாணை விரல்களுக்கு மாற்றிப் பொருத்தினால் அவை மீண்டும் நிமிரும்.

இவ்வறுவையை அமர்ந்தபடியே செய்தல் கூடுமென்று பிராண்டு அம்மையாருக்கு எடுத்துரைத்தார். அவரும் துணிந்து கற்று, சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளர் பலரின் கைகளைத் திருத்தினார். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. அறுவையின்போது மருந்தினால் வலியை மறைத்தல் நோயாளர்க்கு நன்மை. வலி என்றுமே தோன்றாதொழிதலோ பெருங்கேடு. சுடுவதும் குத்துவதும் தெரியாமையால் தொழுநோயாளர் கைகளிற் புண் உண்டாகும். நெடுநேரம் ஒருபடியே அமர்தலால் முதுகந்தண்டு ஊறுபட்டவர்க்கும் அவ்வாறே புண் உண்டாகும். ஆகவே அம்மையார் தம் நோயாளரின் துன்பத்தை நூலால் மட்டும் அறிந்தவரல்லர்.

அறுவை பாதிப் பணியே. திருந்திய உறுப்பைப் பழக்கிப் பிழைப்புக்கு வழிகாட்டுதல் மறுபாதி. இக்கலையைக் கற்பதற்காக அவர் ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்கும், பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் என்பாரிடத்தும் சென்றார். 1962-இல் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை பூண்டார். 1966-இல், நோயாளர் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் வேலூரை அடுத்த பாகாயத்தில் நிறுவப்பெற்றது. கட்டிலினின்றும் நாற்காலிக்கு மாறுதல், ஊன்றுகோல் கொண்டு நடத்தல், இருந்த இடத்திலிருந்தே கைத்தொழில் செய்தல் ஆகியவை இத்தகைய மருத்துவத்தின் பாடங்களாம். 1972-இல் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1986-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அங்கத்தினர்களே! கால் வழங்காத பிள்ளையை விருந்தினர் கண்ணிற்படாது உள்ளறையில் ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் முற்றிலும் ஒழிந்ததன்று. பள்ளிக்கு அனுப்பின் யாது பயன் என வினவுவாரும் உளர். அவர்கட்கு அம்மையார் வாழ்க்கையே விடையாகும். மண்டபமும் பள்ளியும் கட்டுவோர், படிகளோடு ஒரு சாய்தளமும் அமைத்தல் பெருஞ்செலவன்று. அவ்வழியாக உள்ளே வரும் பிள்ளைகளுள் ஒரு மேரி வர்கீஸ் இருத்தலும் கூடுமன்றோ?