சமரசத் தூதர் டாக்டர் ரால்ப் பஞ்ச்

எல்லைத் தகராறுகளைச் செய்தித்தாள்களில் படிக்கும் நம் இளைஞர்கள் டாக்டர் ரால்ப் பஞ்ச் அவர்களின் வரலாற்றை அறிதல் வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த அவரை, தாய் மறைந்தபின் பாட்டியாரே வளர்த்தார். 1934இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பாலஸ்தீனத்தை இரு நாடுகளாகப் பிரிக்க 1947இல் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தது, அராபியர் ஏற்கவில்லை. 1948இல் இஸ்ரேல் தோன்றியதும் அண்டை அரபு நாடுகளின் படைகள் புகுந்தன. சமரசத் தூதர் பெர்னடாட் பிரபு ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்படவே, அப்பொறுப்பு பஞ்ச் அவர்களிடம் வந்தது. அவர் எகிப்தியரையும் இஸ்ரேலியரையும் ரோட்ஸ் தீவில் ஒரே விடுதிக்கு வரவழைத்தார். முதலில் தனித்தனியே பேசி, சிறு செய்திகளில் உடன்பாடு கண்டு, பின்னரே பெரியவற்றைத் தொட்டார். 1949 பிப்ரவரி 24இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. லெபனான், ஜோர்டான், சிரியா ஆகியவையும் அவ்வாண்டிலேயே இசைந்தன.

அன்று வரையப்பட்டது போர்நிறுத்தக் கோடு, நாட்டெல்லை அன்று. ஒப்பந்தத்திலேயே இது கூறப்பட்டுள்ளது. நிலம் யாருக்குரியது என்னும் வழக்கும் அகதிகளின் துயரமும் தீரவில்லை. 1967இல் மீண்டும் போர் மூண்டது. இதனைப் பஞ்ச் அவர்களின் தோல்வி என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. போரை நிறுத்துவதே அவருக்கு இடப்பட்ட பணி.

1950இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆயினும் 1959இல் நியூயார்க்கில் ஒரு டென்னிஸ் சங்கம் நிறம் காரணமாக அவர் மகனைச் சேர்க்க மறுத்தது. செய்தி பரவியதும் மன்னிப்புக் கோரி அழைத்தது. தம் புகழுக்காகத் தரப்படும் இடம் தம் இனத்தார்க்குத் தரப்படும் இடமாகாது என்று கூறி, அவர் அதனை ஏற்க மறுத்துவிட்டார்.