ஆர்னால்டு கெசல்

ஆர்னால்டு லூசியஸ் கெசல் (ஜூன் 21, 1880 – மே 29, 1961) அமெரிக்க உளவியலாளரும் குழந்தை மருத்துவரும் ஆவார். குழந்தை எந்த வயதில் தலையை நிமிர்த்துகிறது, எப்போது உட்காருகிறது, எப்போது சிறு பொருளை விரல் நுனியால் எடுக்கிறது என்பவற்றை முறையாகப் பதிவு செய்து, வளர்ச்சி அட்டவணைகளாக வகுத்தவர் இவர். மூளையிலோ தண்டுவடத்திலோ குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளின் வளர்ச்சியை இளவயதிலேயே சோதித்தறிய இன்று பயன்படும் முறைகள் பலவும் இவரது பணியிலிருந்து கிளைத்தவையாகும்.

இளமையும் கல்வியும்

கெசல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள அல்மா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒளிப்படக் கலைஞர், தாய் ஆசிரியை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான கெசல், ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் கற்பித்தார். 1903 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் கிளார்க் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற உளவியலாளர் ஸ்டான்லி ஹாலிடம் பயின்று, பொறாமை உணர்வு குறித்த ஆய்வுக்காக 1906 இல் முனைவர் பட்டம் பெற்றார். லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியபோது பியாட்ரிஸ் சாண்ட்லரைச் சந்தித்து 1909 இல் மணந்தார். இவர்களது மகன் கெர்ஹார்டு கெசல், வாட்டர்கேட் வழக்குகளை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவராவார்.

குழந்தையின் மனத்தை அறிய அதன் உடலையும் அறிய வேண்டும் என்று கருதிய கெசல், ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே மருத்துவம் படித்து, 1915 இல் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தின் பள்ளி உளவியலாளராக அமர்த்தப்பட்டார். அமெரிக்காவில் இப்பதவிப் பெயரைப் பெற்ற முதல் நபர் இவரே. கற்றலில் பின்தங்கிய மாணவர்களைச் சோதித்து, அவர்களுக்கேற்ற கல்வியைப் பரிந்துரைப்பது அவரது பணியாக இருந்தது.

யேல் மருத்துவமனையும் ஆய்வு முறையும்

1911 இல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கெசல், நியூ ஹேவன் நகரில் குழந்தை வளர்ச்சிக்கான மருத்துவமனை ஒன்றை நிறுவினார். 1948 இல் ஓய்வு பெறும் வரை அதன் இயக்குநராக இருந்தார்.

அரைக்கோள வடிவில் கூரையமைந்த ஒரு கூண்டினுள் குழந்தை வைக்கப்படும். வெளியிலிருந்து பார்ப்பவர்களைக் குழந்தை காண முடியாதபடி ஒருபுறம் மட்டும் தெரியும் திரை அமைக்கப்பட்டிருந்தது. திரைப்படக் கருவிகள் குழந்தையின் அசைவுகளைப் பதிவு செய்தன. இப்படச் சுருள்களைக் கட்டம் கட்டமாக ஆராய்ந்ததன் மூலம், கண்ணால் மட்டும் பார்த்து உணர முடியாத நுண்ணிய மாற்றங்களையும் கெசல் கண்டறிந்தார். 3,200 ஒளிப்படங்கள் கொண்ட அவரது குழந்தை நடத்தைப் படத்தொகுப்பு 1934 இல் வெளிவந்தது.

சோதனைக்கான பொருட்கள் மிக எளியவை: ஓர் அங்குலச் சிவப்புக் கட்டைகள், ஒரு கிண்ணம், ஒரு மணி, நூல் கட்டிய வளையம், மாத்திரை அளவுள்ள ஓர் உருண்டை. கட்டையைக் குழந்தை உள்ளங்கையால் வாரி எடுக்கிறதா, கட்டைவிரலால் பற்றுகிறதா என்பது கூட வயதைக் காட்டும் குறியாக அமைந்தது.

வளர்ச்சி அட்டவணைகள்

கெசல் குழந்தையின் நடத்தையை நான்கு துறைகளாகப் பிரித்தார்.

1. இயக்கம் – தலை நிற்பது, உட்காருவது, நடப்பது, பொருளைப் பிடிப்பது
2. தகவமைப்பு – கண்ணும் கையும் இணைந்து சிறு சிக்கல்களைத் தீர்ப்பது
3. மொழி – ஒலி எழுப்புவது, பிறர் பேச்சைப் புரிந்துகொள்வது, பேசுவது
4. தனிநபர்–சமூக நடத்தை – சிரிப்பது, தானே உண்பது, பிறருடன் விளையாடுவது

இவரது மறைவுக்குப் பின் வெளிவந்த திருத்தப் பதிப்பில் இயக்கம் பேரியக்கம், நுண்ணியக்கம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 4, 16, 28, 40 வாரங்கள், 12, 18, 24, 36 மாதங்கள் ஆகியன முதன்மை வயதுகளாகக் கொள்ளப்பட்டன. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வயதைப் பிறந்த நாளிலிருந்து மட்டும் கணக்கிடாமல், முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்தே மதிப்பிட வேண்டும் என்றும் கெசல் வலியுறுத்தினார். இம்முறை இன்றும் பின்பற்றப்படுகிறது.

வளர்ச்சி என்பது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் முதிர்ச்சியால் நிகழ்வது என்பது இவரது கொள்கை. 1929 இல் வெளியான ஆய்வில், ஒரே கருவில் தோன்றிய இரட்டையரில் ஒரு குழந்தைக்கு 46 ஆவது வாரத்திலிருந்து ஆறு வாரங்கள் படியேறப் பயிற்சி தரப்பட்டது. மற்றக் குழந்தைக்கு 53 ஆவது வாரத்திலிருந்து இரண்டே வாரப் பயிற்சி தரப்பட்டது. விரைவில் இரண்டும் ஏறத்தாழ ஒரே திறனை எட்டின.

மூளை, தண்டுவடக் குறைபாடுகள்

கெசல், மருத்துவர் கேத்தரின் அமட்ரூடாவுடன் இணைந்து 1941 இல் வெளியிட்ட வளர்ச்சி நோயறிதல் பற்றிய நூல், மருத்துவ உலகில் பெரும் செல்வாக்குப் பெற்றது. மூளைச் சேதம், வலிப்பு, புலன் குறைபாடு, குறைமாதப் பிறப்பு ஆகியவை குழந்தையின் நடத்தையில் எவ்வாறு வெளிப்படும் என்பதை இந்நூல் விளக்கியது.

துறை துறையாகப் பிரித்துப் பார்ப்பதன் பயன் இத்தகைய குழந்தைகளிடம் தெளிவாகத் தெரியும். முதுகுத் தண்டுவடப் பிளவுடன் பிறந்த குழந்தைக்குக் கால்கள் வலுவிழந்திருக்கலாம். ஆனால் கைத்திறனும் மொழியும் வயதுக்கேற்ப இருக்கலாம். நடக்கவில்லை என்பதை மட்டும் கொண்டு அதனை அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தை எனக் கருதினால் பெரும் தவறு நேரும். மாறாக, தலையில் நீர் கோர்க்கும் நீர்த்தலை நோயுள்ள குழந்தைகளுள் சிலர் சரளமாகப் பேசுவர். அப்பேச்சு ஏனைய துறைகளின் தாமதத்தை மறைத்துவிடும். எனவே ஒரே மதிப்பெண்ணால் இக்குழந்தைகளை அளக்க இயலாது.

கெசலின் காலத்தில் நீர்த்தலை நோய்க்குப் பயனுள்ள சிகிச்சை இல்லை. 1950களின் நடுப்பகுதியில், தண்டுவடப் பிளவுடன் பிறந்த தம் மகனுக்காக ஜான் ஹோல்ட்டர் என்னும் தொழில்நுட்பர் வடிகுழாய்க்கான வால்வை உருவாக்கினார். இதன்பின் உயிர் பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கை உயர்ந்தது. அவர்களது வளர்ச்சியைத் தொடர்ந்து கண்காணிக்கும் தேவையும் அப்போதுதான் பெருகியது.

விமர்சனங்கள்

கெசல் 1913 இல், தாம் பிறந்த ஊரான அல்மாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஊரின் 220 குடும்பங்களுள் மனநோய், அறிவுக்குறைவு உள்ளவை எனத் தாம் கருதியவற்றை வரைபடத்தில் குறித்துக் காட்டினார். பரம்பரைத் தூய்மை பேசிய இனமேம்பாட்டு இயக்கத்தின் சார்பு அதில் வெளிப்பட்டது. குறைபாடுள்ளோரை இனங்காணும் முயற்சி, அவர்களை ஒதுக்கிவைக்கும் கருவியாகவும் மாறக்கூடும் என்பதற்கு இக்கட்டுரை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அவரது பிற்காலப் பணியின் நோக்கமோ, குழந்தையை முன்னதாகவே கண்டறிந்து உதவுவதாக இருந்தது.

கைக்குழந்தைகளுக்கான அட்டவணைகளுக்கு அடிப்படையாக அமைந்தவர்கள் 107 குழந்தைகள். அனைவரும் நியூ ஹேவன் பகுதியின் வெள்ளையின நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இவர்களது சராசரியை உலகக் குழந்தைகள் அனைவருக்கும் பொதுவாகக் கொள்ள முடியாது என்பது முதன்மையான குறையாகக் கூறப்படுகிறது. சூழலின் பங்கைக் குறைத்து மதிப்பிட்டார் என்பது மற்றொரு குறை.

கமலாவும் கெசலும்

வங்காளத்தின் மிட்னாப்பூரில் அனாதை இல்லம் நடத்திய சிங் என்னும் மதகுரு, 1920 இல் ஓநாய்க் குகையிலிருந்து கமலா, அமலா என்னும் இரு சிறுமிகளை மீட்டதாகக் கூறினார். அமலா 1921 இலும் கமலா 1929 இலும் இறந்தனர். சிங்கின் நாட்குறிப்பை நம்பிய கெசல், கமலாவை நேரில் காணாமலே 1941 இல் அவளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிற்கால ஆய்வாளர்கள் ஓநாய் வளர்த்த கதையை ஏற்கவில்லை. கமலா நரம்பு வளர்ச்சிக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தையாக இருந்திருக்கலாம் என்றனர். குழந்தையை நேரில் சோதித்தே முடிவு கூற வேண்டும் என்ற தமது விதியையே கெசல் இங்கு மீறினார் என்பது குறிப்பிடத்தக்கது.

தாக்கம்

1950 இல் கெசலின் உடன் பணியாளர்களான பிரான்சிஸ் இல்க், லூயிஸ் பேட்ஸ் ஏம்ஸ் முதலியோர் நியூ ஹேவனில் அவர் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். 1967 இல் வெளியான டென்வர் வளர்ச்சிச் சோதனை இவரது வழியிலேயே துறைகளைப் பிரித்தது.

இந்தியாவில் பரோடாவில் பிரமிளா பாட்டக் இந்தியக் குழந்தைகளை ஆய்ந்து உள்நாட்டு அளவுகோல்களை உருவாக்கினார். அவற்றை அடியொற்றித் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு 17 செயல்கள் மட்டும் கொண்ட எளிய அட்டவணையை அமைத்தது. அங்கன்வாடிப் பணியாளரும் இதனைப் பயன்படுத்தலாம். 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பரிசோதிக்க வேண்டிய பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் நரம்புக்குழல் குறைபாடு முதலிடத்தில் உள்ளது.

தென்காசி மாவட்டத்தில் அச்சன்புதூருக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில், தண்டுவடப் பாதிப்புக்குள்ளான எஸ். ராமகிருஷ்ணன் 1981 இல் நிறுவிய அமர் சேவா சங்கம், சுற்றுவட்டாரக் கிராமங்களில் வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளை இளவயதிலேயே கண்டறிந்து பயிற்சி அளித்து வருகிறது. பணியாளர்கள் வீடுகளுக்கே சென்று பெற்றோருக்கும் கற்பிக்கின்றனர். திரைக்குப் பின்னிருந்து கெசல் கவனித்த அதே செயல்கள், இங்கு வீட்டுத் திண்ணையில் தாயின் முன்னிலையில் கவனிக்கப்படுகின்றன.