நாஜிக்கள் துரத்திய டாக்டர்... நம்ம கல்லீரலின் ரகசியத்தைக் கண்டுபிடித்த கதை!

ப்ளஸ் டூ-வில் பயாலஜி எடுத்தவர்களுக்கு ஹான்ஸ் கிரெப்ஸ் என்ற பெயரே கொஞ்சம் அலர்ஜிதான். கிரெப்ஸ் சைக்கிளில் சிட்ரேட்டுக்கு அப்புறம் என்ன வரும் என்று எக்ஸாம் ஹாலில் விட்டத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! ஆனால், அந்த மனிதர் கண்டுபிடித்த முதல் சுழற்சி அது இல்லை. அதற்கு ஐந்து வருஷம் முன்னாடியே இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அது நீங்கள் காலையில் சாப்பிட்ட ரெண்டு முட்டையைப் பற்றியது.

முட்டையோ, பருப்போ, ஜிம் பையில் இருக்கும் புரோட்டீன் பவுடரோ, வயிற்றுக்குள் போனதும் எல்லாமே அமினோ அமிலங்களாகப் பிரிந்துவிடும். தசை, என்சைம், ஹார்மோன் என்று உடம்பு தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளும். மிச்சம்? கொழுப்பைச் சேமிக்க உடம்பில் இடம் இருக்கிறது. அது எங்கே என்று நமக்கே தெரியும். சர்க்கரையைக்கூட கிளைக்கோஜனாக மாற்றிக் கொஞ்சம் எடுத்து வைக்கும். உபரி அமினோ அமிலத்துக்கு மட்டும் குடோன் கிடையாது. உடைத்தே ஆக வேண்டும்.

உடைத்தால் வருவது நைட்ரஜன், அதுவும் அம்மோனியாவாக. ஐஸ் ஃபேக்டரியில் லீக் ஆனால் சுற்றுவட்டாரமே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுமே, அதே அம்மோனியாதான். ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலே மூளை தடுமாறும். மீனுக்குக் கவலை இல்லை. சுற்றிலும் தண்ணீர், அப்படியே வெளியே விட்டுவிடும். காக்கா அதை யூரிக் அமிலமாக்கி உங்கள் பைக் சீட்டில் வெள்ளையாகப் போட்டுவிட்டுப் போகும். நம் உடம்பு அதை யூரியாவாக மாற்றி, சிறுநீரில் அனுப்புகிறது. இந்த மாற்றம் கல்லீரலில்தான் நடக்கிறது என்பது 1930 வாக்கில் தெரிந்திருந்தது. எப்படி நடக்கிறது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

கிரெப்ஸ் பிறந்தது 1900 ஆகஸ்ட் 25, ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரில். யூதக் குடும்பம். அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். பையனும் டாக்டருக்குப் படித்தார். ஆனால் மனசு ஆய்வகத்தில்தான். 1926-ல் பெர்லினில் ஓட்டோ வார்பர்க்கிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வார்பர்க் மேதை, 1931-ல் நோபல் வாங்கியவர். கூடவே, கறாரான பாஸ். அங்கேதான் கிரெப்ஸ் ஒரு முக்கியமான வித்தையைக் கற்றுக்கொண்டார். உயிருள்ள திசுவை மெல்லிய சீவலாகச் சீவி, குட்டிக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, அது எவ்வளவு வாயுவை எடுக்கிறது, விடுகிறது என்று மேனோமீட்டரில் அளப்பது. இந்த டெக்னிக்கை வைத்து உடம்பு எப்படிப் பொருள்களைத் தயாரிக்கிறது என்று பார்க்கலாமே என கிரெப்ஸுக்கு ஆசை. வார்பர்க்குக்கு அதில் ஆர்வம் இல்லை. 1930-ல், வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஒருவகையில் நல்லதாகப் போச்சு. 1931-ல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பகலில் வார்டில் நோயாளிகளையும் பார்க்க வேண்டும், ஆய்வும் செய்ய வேண்டும். துணைக்கு குர்ட் ஹென்செலைட் என்ற மருத்துவ மாணவர். இரண்டு பேரும் எலியின் கல்லீரலைச் சீவி, அம்மோனியாவோடு அது இது என்று ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து, எதைச் சேர்த்தால் யூரியா கூடுகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய தியரி எதுவும் கையில் இல்லை. சலிக்காமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததுதான்.

ஒருநாள் போட்டது ஆர்னித்தீன். இதுவும் ஒரு அமினோ அமிலம்தான். ஆனால் புரதங்களைக் கட்டுவதற்குப் பயன்படாத, அவ்வளவு பிரபலமில்லாத ஆள். யூரியா ஜிவ்வென்று ஏறியது!

இங்கே ஒரு சாதாரண ஆள் ஆர்னித்தீன்தான் யூரியாவாக மாறுகிறது என்று முடிவுகட்டியிருப்பார். கிரெப்ஸ் கணக்குப் பார்த்தார். போட்ட ஆர்னித்தீன் துளியூண்டு. வந்த யூரியாவோ அதைவிடப் பல மடங்கு. அப்படியென்றால் ஆர்னித்தீன் செலவாகவே இல்லை. அது வேறு ஏதோ வேலை பார்க்கிறது. என்ன வேலை என்று புரிய மாதங்கள் ஆயின.

தெருவில் வரும் குப்பை வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலியாக வருகிறது, ஒவ்வொரு நிறுத்தமாகக் குப்பையை ஏற்றிக்கொள்கிறது, கிடங்கில் கொட்டுகிறது, மறுபடி காலியாக அடுத்த ட்ரிப்புக்கு வருகிறது. ஆர்னித்தீன்தான் அந்தக் காலி வண்டி. முதல் நைட்ரஜனை ஏற்றினால் அதன் பெயர் சிட்ருலின் (தர்பூசணியில் இருக்கிறதே, அதே சிட்ருலின்). இரண்டாவதையும் ஏற்றினால் அர்ஜினின். அர்ஜினினை உடைத்து யூரியாவைக் கழற்றும் என்சைம் கல்லீரலில் இருப்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. யூரியா இறங்கியதும் கையில் இருப்பது மறுபடி ஆர்னித்தீன். அடுத்த ட்ரிப்!

1932-ல் இது வெளியானது. ஒரு நேர்கோட்டு வரிசையாக இல்லாமல், வட்டமாகச் சுற்றி வரும் ரசாயனம் உடம்புக்குள் நடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியது அதுதான் முதல்முறை. கிரெப்ஸுக்கு அப்போது 32 வயதுகூட முடியவில்லை. லண்டனில் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த ஃபிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ், அந்த வருஷத் தலைமை உரையிலேயே இந்த வேலையைப் பாராட்டினார். டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தவரே இந்த ஹாப்கின்ஸ்தான் என்பதால் அந்தப் பாராட்டுக்குத் தனி மதிப்பு.

அடுத்த வருஷம் ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7-ம் தேதி ஒரு சட்டம்: யூதர்களுக்கு அரசு வேலை கிடையாது. அதே மாதமே கிரெப்ஸை ஃப்ரைபர்க் பல்கலைக்கழகம் வேலையிலிருந்து ஒதுக்கியது. பின்னாலேயே பணிநீக்கம். உலகமே பேசிய கண்டுபிடிப்பெல்லாம் ஒரு கடிதத்துக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை. இத்தனைக்கும் அந்த ஏப்ரலில் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர், தத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற மார்ட்டின் ஹைடெக்கர். படித்தவர்கள் நிறைந்த இடத்தில் நியாயமும் நிறைந்திருக்கும் என்று நம்புகிறவர்கள் 1933 ஃப்ரைபர்க்கை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

ஹாப்கின்ஸ் கைகொடுத்தார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகையோடு, 1933 ஜூனில் கிரெப்ஸ் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். கையில் காசு இல்லை. கொண்டுவந்தது கொஞ்சம் புத்தகங்களும் ஆய்வகக் கருவிகளும்தான். வந்த இடத்திலும் அமினோ அமிலத்தை விடவில்லை. அவற்றிலிருந்து நைட்ரஜன் எப்படிக் கழற்றப்படுகிறது என்று சிறுநீரகத்தில் தேடினார். அம்மோனியாவைக் குளூட்டாமிக் அமிலத்தோடு சேர்த்து, திசுக்கள் குளூட்டமின் தயாரிப்பதையும் காட்டினார்.

1935-ல் ஷெஃபீல்ட். 1937-ல், வில்லியம் ஜான்சன் என்ற மாணவரோடு சேர்ந்து, புறாவின் நெஞ்சுத் தசையை வைத்து அந்தப் பிரபலமான கிரெப்ஸ் சைக்கிள். அந்தக் கட்டுரையை 'நேச்சர்' இதழ் திருப்பி அனுப்பிவிட்டது! வேறு இதழில் போட்டார். நைட்ரஜனைக் கழற்றிய பிறகு அமினோ அமிலத்தில் மிச்சம் இருக்கும் கார்பன் பகுதி கடைசியில் எரிவது இந்தச் சைக்கிளில்தான். ஆக, உங்கள் முட்டையின் இரண்டு பாதிகளுக்கும் வழி சொன்னவர் ஒரே ஆள்.

1938-ல் மார்கரெட் என்ற ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார்; மூன்று குழந்தைகள். மகன்களில் ஒருவரான ஜான் கிரெப்ஸ், பறவைகளை ஆராயும் பெரிய விஞ்ஞானியானார். இதில் ஒரு சின்ன வேடிக்கை. ஆர்னித்தீன் முதலில் கிடைத்தது கோழி எச்சத்தில். அந்தப் பெயரே பறவையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நோபல் 1953-ல், ஃபிரிட்ஸ் லிப்மானோடு பகிர்ந்துகொண்டது. லிப்மானும் ஜெர்மனியிலிருந்து வெளியேற நேர்ந்த யூதர். அடுத்த வருஷம் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், 1958-ல் சர் பட்டம். 1967-ல் ஓய்வு பெற்றும் ஆய்வகத்தை விடவில்லை. 1981 நவம்பர் 22-ல் காலமாகும் வரை வேலைதான்.

அந்த எலிக் கல்லீரல் சீவலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது. பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'யூரியா' என்று ஒரு வரி வருமே, அந்த யூரியா இந்தச் சுழற்சியில் பிறந்ததுதான். அது ஏறியிருந்தால் சிறுநீரகம் சரியாக வெளியேற்றுகிறதா என்று டாக்டர் யோசிப்பார். கல்லீரல் மோசமாகக் கெட்டுப்போனவர்கள் திடீரென்று குழம்பிப் பேசுவதும், நாள் தேதி மறப்பதும், மயங்கிக் கிடப்பதும் குடும்பத்தாரைப் பதறவைக்கும். அதற்கு ஒரு முக்கியக் காரணம், சுத்தமாகாமல் மூளைக்குப் போகும் அம்மோனியா.

இன்னும் கொடுமையான ஒன்று உண்டு. அபூர்வமாகச் சில குழந்தைகள் இந்தச் சுழற்சியின் ஒரு என்சைம் இல்லாமலே பிறக்கின்றன. பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. பால் குடிக்கத் தொடங்கி ஓரிரு நாள்களில் சோர்ந்து, பால் மறுத்து, எழுப்பினாலும் எழாமல் போகும். தாய்ப்பாலின் புரதமே பாரமாகிவிடும் நிலை. ரத்தத்தில் அம்மோனியாவை உடனே அளந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். டயாலிசிஸ், நைட்ரஜனை வேறு வழியில் வெளியேற்றும் சோடியம் பென்சோயேட் போன்ற மருந்துகள், அளந்து கொடுக்கும் புரதம் என்று சிகிச்சைகள் இருக்கின்றன. எந்த என்சைம் இல்லை என்பதைப் பொறுத்து மருந்தும் மாறும். சுழற்சியில் எந்த இடத்தில் அடைப்பு என்று தெரிந்தால்தானே அதை முடிவு செய்ய முடியும்?

கிரெப்ஸின் நோபல் பதக்கத்தை 2015-ல் அவர் குடும்பம் லண்டனில் ஏலம் விட்டது. 2 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அந்தப் பணத்தில் ஹான்ஸ் கிரெப்ஸ் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். சொந்த நாட்டைவிட்டு ஓடிவர நேர்ந்த விஞ்ஞானிகளுக்கும், பிஹெச்.டி மாணவர்களுக்கும் அதிலிருந்து உதவித்தொகை.