கைக்கு அடங்கிய கருவி

கருங்குழி என்றதும் வடலூரை அடுத்து வள்ளலார் வாழ்ந்த ஊரே பலரின் நினைவுக்கு வரும். நான் வாழும் கருங்குழி வேறு. செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்கு அருகே, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையோரம் உள்ள பேரூர் இது. வேடந்தாங்கலுக்குப் பறவைகளைக் காணவும், மாமல்லபுரம் கடற்கரைக்கு மிதிவண்டியில் செல்லவும், விடுமுறையில் மலையேறவும் ஆர்வம் கொண்ட இளைஞர்கள் எங்கள் ஊரிலும் பெருகியுள்ளனர். நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன் என்பதால், பயணத்துக்கு எந்தக் கத்தி வாங்கலாம் என்று அவர்களில் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இணையக் கடைகள் காட்டும் மடக்குக் கத்திகளில் 15, 20 கருவிகள் அடுக்கடுக்காய் மடங்கிக் கிடக்கின்றன. கத்தரிக்கோல், திருப்புளி, ரம்பம், குறடு, பல் குத்தும் குச்சி வரை எல்லாம் உண்டு. எதைத் தேர்வது என்ற குழப்பம் எழுவது இயல்பே.

அவர்களுக்கு நான் விலைப்பட்டியலைச் சொல்வதில்லை. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். கத்தி வாங்குவதற்கும், மறைந்து நூறாண்டு கடந்துவிட்ட ஒரு நிலவியலாளருக்கும் என்ன தொடர்பு என்று முகம் சுளிப்பவர்களும் கதை முடியும்வரை எழுந்து செல்வதில்லை.

1834 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தவர் ஃபூட். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அத்துறை தொடங்கி அப்போது ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. எந்த மண்ணுக்கு அடியில் எந்தப் பாறை உள்ளது, அதில் அரசுக்குப் பயன்படும் கனிமம் உண்டா என்று அறிந்து வரைபடம் தீட்டுவதே அவருக்கு இடப்பட்ட பணி. மாதக்கணக்கில் கூடார வாழ்க்கை, நாள் முழுவதும் நடை.

நிலவியலாளரின் பையில் சுத்தியலும் உருப்பெருக்கியும் ஒரு பேனாக்கத்தியும் இருப்பது இன்றளவும் உள்ள வழக்கம். அந்தக் கத்தி பழம் நறுக்குவதற்கு மட்டுமன்று, கல்லைக் கீறிப் பார்ப்பதற்கும் உரியது. கால்சைட், குவார்ட்ஸ் என்னும் இரு கனிமங்களும் வெண்மையாக, பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். எஃகு முனையால் கீறினால் கால்சைட்டில் கோடு விழும். குவார்ட்ஸில் முனை வழுக்கிச் செல்லும். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் கால்சைட்டுக்கு 3, சாதாரணக் கத்தியின் எஃகுக்கு ஏறத்தாழ 5.5, குவார்ட்ஸுக்கு 7. வகுப்பறையில் நான் பலமுறை செய்துகாட்டிய சோதனை இது. சட்டைப்பையில் கிடக்கும் ஒரு பொருள் ஆய்வுக்கூடமாகவும் ஆகும் என்பதை மாணவர்கள் அப்போதுதான் நம்புவர்.

ஃபூட் சென்னைக்கு வந்த அடுத்த ஆண்டு, அதாவது 1859-இல், ஐரோப்பிய அறிவுலகில் பெரும் விவாதம் ஒன்று முடிவுக்கு வந்தது. பிரான்ஸ் நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடந்த கற்கள் மனிதன் செதுக்கியவை என்று பூஷே த பெர்த் பல ஆண்டுகளாகக் கூறிவந்தார். அவரை நம்பியோர் சிலரே. பிரெஸ்ட்விச், ஈவான்ஸ் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து, அவர் கூறியது சரியே என்று அறிவித்தனர். இந்தச் செய்தியைப் படித்த ஃபூட்டின் உள்ளத்தில், இந்திய மண்ணிலும் இத்தகைய கற்கள் இருக்கக்கூடும் என்ற எண்ணம் ஊன்றியது.

1863 மே 30 அன்று அந்த எண்ணம் பலித்தது. பல்லாவரம் படைமுகாமின் திடலருகே சரளை மண் வெட்டிய குழி ஒன்றில், வெட்டிப் போட்ட கற்களுக்கிடையே ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தார். இயற்கையாக உடைந்த கல் அன்று அது. மனிதக் கை அடித்துச் செதுக்கிய கருவி. ஃபூட்டுக்கு அப்போது வயது 28. இந்தியாவில் பழைய கற்காலம் என்றொரு காலம் இருந்ததை நிறுவிய முதல் சான்று அதுவே. குழியை வெட்டியவர்களின் பெயர்களை வரலாறு வைத்திருக்கவில்லை.

அந்தக் கல்லின் மூலப்பொருள் என்ன என்பதில்தான் என் ஆர்வம் பெரிது. பல்லாவரத்துக் குன்று சார்னோகைட் என்னும் கரும்பாறையால் ஆனது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு அந்தப் பாறையிலிருந்து எடுத்த கல்லே பயன்பட்டதால், அவர் பெயரே பாறைக்கும் பெயரானது. கட்டடத்துக்கும் கல்லறைக்கும் உகந்த உறுதியான கல்தான். ஆனால், பெரும் படிகங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் அதை அடித்தால் மெல்லிய செதிலாகப் பெயராது. ஆதிமனிதன் அதை விட்டுவிட்டு, நதி உருட்டி வந்த குவார்ட்சைட் கூழாங்கல்லைத் தேர்ந்தான். சீரான மணிகள் இறுகிய அந்தக் கல், அடித்த திசையில் செதில் செதிலாகப் பெயரும். விளிம்பு கூர்மையாக நிற்கும். அதன் மீது நம் பேனாக்கத்தியால் கீறினால் தேய்வது கத்திதான். கண்ணெதிரே மலையாகக் கிடப்பதை மறுத்து, தேவைக்கு ஏற்றதைத் தேடி எடுத்த அந்தத் தெரிவை, கருவியின் வடிவத்தைக் காட்டிலும் நான் வியக்கிறேன்.

வடிவமும் எளியதன்று. ஒருபுறம் கூம்பிய முனை, இருபக்கமும் வெட்டும் விளிம்பு, மறுபுறம் உள்ளங்கையில் பொருந்தும் கனத்த அடி. இறைச்சியை அறுக்கவும், எலும்பை உடைக்கவும், மரத்தைச் சீவவும், கிழங்கைத் தோண்டவும் அந்த ஒன்றே போதுமானது. தொல்லியலார் இதைக் கைக்கோடரி என்பர். பெரிய மாற்றமின்றிப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக மனித இனம் செய்துகொண்டிருந்த பல்வேலைக் கருவி அது. இன்று கடையில் விற்கும் எந்தக் கருவிக்கும் அத்தகைய ஆயுள் வாய்க்கப்போவதில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில், சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பகுதிக்குச் சென்ற ஃபூட், அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கற்கருவிகளைக் கண்டார். தற்செயல் என்று எவரும் தள்ளிவிட முடியாத அளவு அவை மிகுதியாகக் கிடைத்தன. 1866-இல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் அவற்றை விரிவாகப் பதிவு செய்தார். அவற்றின் உண்மையான வயது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் முறையும் அக்காலத்தில் இல்லை. சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் அதே அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்து, 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிகப் பழைய கருவிகளின் சராசரி வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள்.

தமிழுடன் ஃபூட்டுக்குக் குடும்ப உறவும் உண்டு. அவர் மணந்த எலிசபெத், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கியவரும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும் அந்தப் பெர்சிவலே. மாமனார் வாய்மொழியைத் திரட்டினார். மருமகன் வாயில்லாக் கல்லைத் திரட்டினார்.

அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தென்னிந்தியாவில் அவர் கால் படாத மாவட்டம் அரிது. கர்னூல் குகைகளில் அகழ்ந்தார். தார்வார் பாறைத் தொகுதிக்குப் பெயரிட்டார். தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரத்துத் தேரி மணலில் நகமளவு நுண்கற்கருவிகளைக் கண்டார். இவையெல்லாம் அலுவல் நேரத்துக்கு இடையே செய்தவை. சம்பளம் பாறை வரைபடத்துக்கே கிடைத்தது.

1891-இல் அவர் துறையிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில்தான் சுவிட்சர்லாந்தின் ஈபாக் சிற்றூரில் கார்ல் எல்சனர் என்னும் கத்தி செய்பவர் தம் நாட்டுப் படைவீரர்களுக்கான மடக்குக் கத்தியின் முதல் தொகுதியை ஒப்படைத்தார். கத்தி, துளையிடும் ஊசி, டப்பா திறப்பான், திருப்புளி என்று நான்கே உறுப்புகள். வீரன் தன் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டும், உணவு டப்பாவைத் திறக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளிலிருந்து பிறந்த கருவி அது. ‘சுவிஸ் கத்தி’ என்று உலகம் அழைக்கும் சிவப்புக் கத்தியின் மூலம் இதுவே. இன்றைய கத்திகளில் மடங்கிக் கிடக்கும் இருபதில் எத்தனைக்கு இப்படி ஒரு தேவையைச் சுட்டிக்காட்ட முடியும் என்பது ஐயமே.

எனவே, என்னிடம் கேட்பவர்களுக்கு நான் கூறுவது சுருக்கமானது. முதலில் தேவையை எழுதுங்கள். பிறகு கருவியை எண்ணுங்கள். ஒரு நல்ல அலகு, அது விரல்மீது மடங்காதிருக்க உறுதியான பூட்டு, கைக்குள் நழுவாத பிடி ஆகியவை முதல் தேவை. அலகு மூன்று அங்குலம் இருந்தாலே அன்றாட வேலைக்குப் போதும். மிதிவண்டியில் செல்பவருக்குக் குறடும் திருப்புளியும் கூடுதலாக வேண்டும். பறவை காண்பவருக்கு வேண்டா. கடற்கரையோரம் திரிபவர் துருப்பிடிக்காத எஃகையே வாங்க வேண்டும். உப்புக்காற்று கார்பன் எஃகை விரைவில் தின்றுவிடும். எங்கள் ஊர் போன்ற உள்நாட்டில், துடைத்து எண்ணெய் பூசும் பொறுமை உள்ளவருக்குக் கார்பன் எஃகு நல்லது. சாதாரணச் சாணைக்கல்லிலேயே கூர் ஏறும். நுங்கு சீவவும் இளநீர் வெட்டவும் அரிவாள் இருக்கிறது. பேனாக்கத்தியிடம் அந்த வேலையைக் கேட்கக் கூடாது. விமானப் பயணத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. மாமல்லபுரத்துச் சிற்பியைப் பாருங்கள்: பட்டறையில் அமர்ந்து செய்பவர் என்பதால் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் உளி வைத்திருக்கிறார். நடந்து செல்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஓய்வுக்குப் பின்னும் ஃபூட் ஓயவில்லை. பரோடா சமஸ்தானத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் நிலவியல் பணிகளை நடத்தினார். ஏற்காட்டில் இல்லம் அமைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுதும் சேர்த்த தொல்பொருள்களை ஒழுங்குபடுத்தினார். 1904-இல் அந்தத் தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் ரூ.40,000 கொடுத்து வாங்கியது. இலண்டனுக்குப் போயிருக்கக்கூடிய அச்செல்வம் எழும்பூரில் தங்கியது நம் நற்பேறு.

நற்பேற்றை மட்டுமே நம்பியிருக்க முடியாது என்பதுதான் என் கவலை. கருங்குழிக்கு அருகிலுள்ள சானூரில் 1950-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை பெருங்கற்கால ஈமச்சின்னங்களை அகழ்ந்தபோது இரும்புக் கருவிகள் கிடைத்தன. கல்லாலான கைக்கோடரி முதல் இரும்புக் கத்தி வரை இந்த மாவட்டத்தின் மண்ணிலேயே வரிசையாக உள்ளன. அதே மண்தான் இன்று மனைப்பிரிவுகளை மேடாக்கவும் சாலை போடவும் லாரி லாரியாகச் செல்கிறது. பல்லாவரத்துக் கல்லும் அத்தகைய சரளைக் குழியில் கிடைத்ததே; குழி வெட்டியது குற்றமன்று, வெட்டிய குழியை ஒருவர் பார்த்தார் என்பதே வேறுபாடு. இன்று இயந்திரம் அள்ளும் வேகத்தில் பார்ப்பதற்கு எவருக்கும் நேரமில்லை. சரளை மண் எடுக்க அனுமதி வழங்கும் கோப்பில் தொல்லியல் அலுவலர் ஒருவரின் கள ஆய்வுக் குறிப்பு கட்டாயம் இடம்பெற வேண்டும். ஒரு நாள் பணி அது. குத்தகைக்காரருக்கும் அதனால் பெரும் இழப்பு இல்லை. இளைஞர்கள் எங்கேனும் செதுக்கிய கல்லைக் கண்டால் எடுத்துச் செல்லாமல், இருக்கும் இடத்திலேயே படமெடுத்து மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

1912 டிசம்பர் 29 அன்று, தமது 78-ஆவது வயதில், ஃபூட் காலமானார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டுத் திருத்துவ ஆலயத்தில் உள்ளது. தொகுப்பின் விளக்க அட்டவணையை முடித்துக் கொடுத்திருந்தார். ஆனால் 1914-இலும் 1916-இலும் இரு தொகுதிகளாக அச்சேறிய அந்த நூலை அவர் காணவில்லை.

கத்தி வாங்கப் புறப்படுபவர்களை முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றுவரச் சொல்கிறேன். கைக்கோடரிகள் சிலவற்றில் கூழாங்கல்லின் பழைய வழவழப்பான தோல் அடிப்புறத்தில் மட்டும் செதுக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். உள்ளங்கை படும் இடம் அது.