பேராசிரியர் லட்சுமி நரசு

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், மனிதனுக்குள் ஆன்மா என்று ஒன்று உண்டா என ஆராயப் புகுந்தார். அவரே பேராசிரியர் லட்சுமி நரசு. 1861-இல் பிறந்து 1934-இல் மறைந்தவர். பௌத்தம் பயில்வோர் அவர் பெயரை நன்கறிவர். விஞ்ஞானம் பயிலும் நாமோ மறந்தோம்.

1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். அப்பணிக்கு நரசுவும் தோள் கொடுத்தார். நம் பெங்களூரிலும், தமிழர் குடியேறித் தங்கம் தோண்டிய கோலார் வயலிலும் கிளைகள் எழுந்தன. தாழ்ந்த பிறப்பு முற்பிறவிப் பயன் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு நொந்த மக்கள் அங்கே கூடினர்.

நரசு ஆங்கிலத்தில் எழுதிய ‘பௌத்தத்தின் சாரம்’ 1907-இல் வெளிவந்தது. ‘நான்’ என்பதை அதில் அவர் பகுத்தாய்கிறார். எஞ்சுவன, மணிமேகலை அழகிய தமிழில் பெயரிட்ட ஐந்து கந்தங்களே: உரு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. கண்ணும் பொருளும் கூடக் காட்சி பிறக்கிறது. காண்பவன் என்று உள்ளே தனியே ஒருவன் அமர்ந்திருக்கவில்லை. (எனக்கு வானவில்தான் நினைவுக்கு வரும். கதிரவனும் நீர்த்துளியும் நாம் நிற்கும் இடமும் பொருந்தினால் உண்டு. தொடப் போனால் இல்லை.)

இதனால் யாருக்கு என்ன பயன் என்பீர்கள். ஆன்மா இல்லையெனில், ஓருடல் விட்டு மற்றோருடல் புகுவது எது? பழைய பாவத்தைச் சுமந்து சேரியில் வந்து பிறப்பது யார்? சாதியின் அடிக்கல்லே ஆட்டங்கண்டு விடுகிறதல்லவா? வினை தொடர்வது மெய்; ஆனால் தனியொருவன் தலைமூட்டையாக அன்று, ஒரு தலைமுறை அடுத்ததற்கு விட்டுச் செல்லும் இயல்பாகவே தொடர்கிறது என்பது அவர் கொண்ட பொருள். மரபுவழிப் பௌத்தர் பலர் இதை ஒப்பமாட்டார்.

பண்டிதரோடும் அவருக்கு வேற்றுமை உண்டு. பண்டிதர் பௌத்தத்தைத் தமிழர் இழந்த பூர்வ சமயமாகக் கண்டார். பேராசிரியரோ பகுத்தறிவின் உரைகல்லில் தேறியதையே கொண்டார். என் மனம் பேராசிரியர் பக்கமே சாய்கிறது. ஆயினும் ஆங்கில நூல் சுரங்கத் தொழிலாளியின் கைக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதே 1907-இல் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழன்றோ அவனை நாடிச் சென்றது!

1914-இல் பண்டிதர் மறைந்தபின் தென்னிந்திய பௌத்தர்க்கு நரசுவே வழிகாட்டி நின்றார். சாதியைப் பற்றித் தனி நூலும் எழுதினார். அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து, 1948-இல், ‘பௌத்தத்தின் சாரம்’ நூலைத் தம் முன்னுரையோடு மீண்டும் அச்சேற்றினார் டாக்டர் அம்பேத்கர். அவர் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியது 1956 அக்டோபரில்.